லைசென்ஸ் வந்து ஒரு மாசம்: ஓசூர் ரோட்டுல 80-க்கு மேல போகக் கூடாதா?

கேள்வி: 2026 ஜனவரி 3, மாலை

போன மாசம்தான் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி ஆர்டிஓ-வுல லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. பொங்கலுக்கு அம்மா, பாட்டியோட திருப்பத்தூர் போகணும். நானே ஓட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு ஃபார்வர்டு சுத்துது: புது லைசென்ஸ்காரங்க முதல் வருஷம் ஹைவேல 80-க்கு மேல போனா லைசென்ஸ் ரத்து, ராத்திரி ஓட்டவே கூடாது, பின்கண்ணாடில ஸ்டிக்கர் கட்டாயம்னு. நிஜமா? ஓட்டிப் பழகினவங்க யாராவது சொல்லுங்க.

பதில்: ஜனவரி 3, இரவு

பொய். நம்ம நாட்டுல அப்படி ஒரு சட்டமே கிடையாது. எல்எல்ஆர் இருக்கிற வரைக்கும்தான் கட்டுப்பாடு: வெள்ளைல சிவப்பு 'எல்' ஒட்டணும், பக்கத்து சீட்டுல லைசென்ஸ் உள்ள ஒருத்தர் இருக்கணும். 30 நாள் கழிச்சு டெஸ்ட். பாஸாகி லைசென்ஸ் வந்துட்டா, முப்பது வருஷமா ஓட்டுறவருக்கும் உனக்கும் சட்டத்துல ஒரு வித்தியாசமும் இல்ல தம்பி. நடுராத்திரி காஷ்மீருக்குக் கிளம்பினாலும் யாரும் ஏன்னு கேக்க முடியாது.

ஸ்டிக்கர் கதை சிங்கப்பூர்லேர்ந்து வந்திருக்கும். அங்க புதுசா லைசென்ஸ் வாங்கினவங்க ஒரு வருஷம் முக்கோண அடையாளம் ஒட்டியே ஓட்டணும். மலேசியாவுல 'பி' ஸ்டிக்கர் ரெண்டு வருஷம். ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல முதல் கட்டத்துல 90-தான் உச்சம். யாரோ சித்தப்பா அங்கேர்ந்து அனுப்பினதை இங்க நாலு பேர் ஒட்டி வெட்டி இந்தியச் சட்டமா ஆக்கிட்டாங்க.

ஜனவரி 4

நேத்து 'பொய்'னு ஒரே போடா போட்டுட்டுப் படுத்துட்டேன். காலைல யோசிச்சா அந்த ஃபார்வர்டை எழுதினவன் மேல கோபமே வரல. சட்டம் இல்லங்கிறதுதான் நம்ம பிரச்சினையே.

டெஸ்ட்டுல என்ன பார்க்கிறாங்க? எட்டு போடு, ரிவர்ஸ் எடு, மேட்டுல நிறுத்தி எடு. ரெண்டாவது கியரைத் தாண்டினவங்க எத்தனை பேர்? டிரைவிங் ஸ்கூல் வண்டி எச்எஸ்ஆர் லேஅவுட்டுக்குள்ளயே சுத்துது. மூணு லேன் ரோட்டுல எப்படிச் சேரணும், 90-ல பிரேக் மிதிச்சா வண்டி என்ன பண்ணும், லாரியைத் தாண்டி எப்ப இடது பக்கம் வரணும், எதுவுமே யாரும் சொல்லித் தர்றதில்ல. அட்டை மட்டும் மொத்த நாட்டுக்கும் செல்லும்.

அதனால சட்டம் போடாத கண்டிஷனை நீயே போட்டுக்கோ. எங்க அக்கா பையனுக்கு நான் போட்டது இதுதான். முதல்ல ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் நைஸ் ரோடு, எலெக்ட்ரானிக் சிட்டிலேர்ந்து மைசூர் ரோடு வரை போயிட்டு வா, வீட்டாளுங்க இல்லாம, ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரோட. அடுத்தது அத்திப்பள்ளி தாண்டி கிருஷ்ணகிரி, பகல்லயே போய் பகல்லயே திரும்பு. அதுக்கப்புறம்தான் பாட்டி. முதல் ஓட்டத்துலயே பாட்டியை ஏத்தினா உன் கண்ணு ரோட்டுல இருக்காது, கண்ணாடில பாட்டி மூஞ்சியைப் பார்த்துட்டு இருக்கும்.

வேக விஷயம்: 2018 ஏப்ரல்ல மத்திய அரசு போட்ட அறிவிப்புப்படி காருக்கு உச்ச வரம்பு எக்ஸ்பிரஸ்வேல 120, நடுவுல தடுப்பு உள்ள நாலு வழிச் சாலைல 100, மத்த ரோட்டுல 70. இதைக் குறைக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால நெட்டுல படிச்ச நம்பரை விடு, பலகைல போட்டிருக்கிறதுதான் கணக்கு. மீறினா காருக்கு 1,000 முதல் 2,000 வரை.

ஜனவரி 5

ஒருத்தர் கீழ எழுதியிருக்கார்: '80-ல உருட்டுறவன்தான் ஹைவேல ஆபத்து, ஃப்ளோவோட போகணும்.' பாதி சரி. வலது ஓரத்துல 60-ல உருட்டினா நிஜமாவே ஆபத்துதான். ஆனா அவர் சொல்ற ஃப்ளோ எது? ஓசூர் ரோட்டுல ஃப்ளோன்னு ஒண்ணு இருக்கா? கன்டெய்னர் 50-ல ஏறும், ஆம்னி பஸ் 100-ல வரும், ஓரத்துல பஞ்சர் லாரி நிக்கும், பெட்ரோல் பங்குக்கு யூ-டர்ன் வரைக்கும் போகச் சோம்பல் பட்டவன் பைக்ல எதிர்த் திசைல வருவான். இத்தனையும் ஒரே ரோட்டுல.

என் கணக்கு இது. உன் வேகத்தை மட்டும் பார்க்காத, உனக்கும் முன்னால இருக்கிறதுக்கும் நடுவுல உள்ள வேக வித்தியாசத்தைப் பாரு. 200 மீட்டர் முன்னால ஒரு லாரி தெரியுது, நீ 100-ல போறேன்னு வை.

லாரி 50-ல போனா, அதை எட்ட உனக்கு 14 செகண்ட் இருக்கு. போதும் போதும்.

லாரி நிக்குதுன்னா 7 செகண்ட். அதுல பாதி, 'இது நிக்குதா, போகுதா'ன்னு புரியிறதுக்கே போயிடும். பின்னால இருந்து பார்த்தா நிக்கிற லாரியும் ஓடுற லாரியும் ஒரே மாதிரிதான் தெரியும். ரிஃப்ளெக்டர் மேல சேறு, டெயில் லைட் ஃப்யூஸ். ராத்திரின்னா கேக்கவே வேணாம்.

எதிர்ல 30-ல பைக்குன்னா அஞ்சரை செகண்ட்.

ரோட்டுல உனக்குக் கிடைக்கிறதே இந்த செகண்டுகள்தான். 80-க்கு இறங்கினா நிக்கிற லாரிக்கு 9 செகண்ட் ஆகும். அந்த ரெண்டு செகண்ட்லதான் உன் கண்ணும் காலும் ஒத்துப் போகும். பழகினவனுக்கு அது தேவைப்படாம இருக்கலாம். உனக்குத் தேவை.

ஜனவரி 5, இரவு

'லேட்டாகுமே'ன்னு கேட்டவருக்கு. ஓசூர்லேர்ந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். 100-ல அரை மணி, 80-ல 37 நிமிஷம் சொச்சம். அந்த ஏழு நிமிஷத்தை சில்க் போர்டு சிக்னல்ல தினமும் தானம் பண்றோம், அங்க யாரும் கணக்குப் பார்க்கிறதில்ல.

பிரேக் தூரமும் கேட்டார். காஞ்ச ரோடு, நல்ல டயர், காலை பிரேக்குக்குக் கொண்டு போக ஒரு செகண்ட்னு வச்சா, 80-ல மொத்தம் 60 மீட்டர் பக்கம், 100-ல 80-ஐத் தாண்டும், 120-ல 110 ஆகும். மழைல இதை நம்பாத.

ஜனவரி 7

அரளிச் செடியைப் பத்திச் சொல்லணும்.

நடுத்தடுப்புல வரிசையா வெள்ளையும் ரோஸுமா பூத்திருக்குமே, அது அழகுக்கு மட்டும் வச்சது இல்ல. எதிர்ப் பக்க ஹெட்லைட் கண்ணுல அடிக்காம மறைக்கத்தான் வச்சிருக்காங்க. தண்ணி இல்லாட்டியும் தாங்கும், புகையைத் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது. லைட்டை மறைக்கிற அதே செடி ஆளையும் மறைக்கும். சூளகிரி பக்கம் ரெண்டு பக்கமும் ஊர், நடுவுல ரோடு. மேம்பாலம் வரைக்கும் நடக்க யாருக்கும் பொறுமை இல்ல, குத்தமும் சொல்ல முடியல. பாதி ரோட்டைத் தாண்டின ஆள் அந்தச் செடிக்குள்ள நின்னு உன் பக்கத்து வண்டிகளைப் பார்த்துட்டு இருப்பார். உனக்குத் தெரியிறது இலை மட்டும்தான்.

நான் பார்க்கிறது இலையை இல்ல, ஆளோட காலை. செடிக்குக் கீழ, தடுப்புக் கல்லுக்கு மேல, தண்டுங்களுக்கு நடுவுல ஒரு வேட்டி நுனியோ, பிளாஸ்டிக் குடமோ, செருப்புக் காலோ தெரியும். ஒண்ணு தெரிஞ்சா ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துடு, ஹார்ன் அப்புறம். செடியில ஒரு இடம் மட்டும் மொட்டையா, மண்ணு மிதிபட்டுக் கிடந்தா, அதுதான் அந்த ஊரோட ஜீப்ரா கிராஸிங்.

இதுக்காகவும்தான் வலது ஓர லேன்ல குடியிருக்காதன்னு சொல்றேன். முந்தினா உடனே நடு லேனுக்கு வந்துடு. மூணு லேன் இருக்கிற இடத்துல புது ஆளுக்கு நடு லேன்தான் வீடு. இடது ஓரம் நிக்கிற லாரிக்கும் எதிர்ல வர்ற பைக்குக்கும்.

ஜனவரி 8

இடப்பக்கமா முந்துறதைப் பத்தி இங்க பெரிய சண்டை ஓடுது. 2017-ல வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை, அதுக்கு முன்னால இருந்த 1989 விதிகள், ரெண்டுமே சொல்றது வலப்பக்கம்தான் முந்தணும்னு. முன் வண்டி வலப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டு நடுவுக்கு ஒதுங்கியிருந்தா இடப்பக்கமா போகலாம். புத்தகம் அது.

ரோட்டுல நடக்கிறது வேற. லாரி வலது ஓரத்தைப் பிடிச்சுட்டு நகராது. 'திமிரு'ன்னு எழுதியிருக்கார் ஒருத்தர். எனக்கு அப்படித் தோணல. இடது ஓரத்துல பஸ் நிக்குது, சர்வீஸ் ரோட்டுலேர்ந்து டிராக்டர் ஏறுது, 30 டன்னை நிறுத்தி மறுபடி கியர் போட்டு ஏத்துறதுக்குள்ள அவருக்கு டீசலும் நேரமும் போகுது. அவர் ஒரே கோட்டுல போகத்தான் பார்ப்பார். அதுக்காக அது சரின்னு சொல்லல. ஹார்னை அழுத்திட்டே வாலைப் பிடிச்சா ஒண்ணும் நடக்காது, அவ்வளவுதான்.

புது ஆள் என்ன பண்ணணும்? பின்னால தள்ளி நில்லு, ஒரு தடவை லைட் அடி, சின்ன ஹார்ன், காத்திரு. பாதிப் பேர் விடுவாங்க. விடலன்னா நடு லேன் ரொம்ப தூரத்துக்குக் காலியா இருந்தா மட்டும் அதுல போ. இடது ஓரத்துக்கும் லாரிக்கும் நடுவுல உள்ள சந்துக்குள்ள நுழையாத. உனக்கு லாரியோட பக்கக் கண்ணாடி தெரியலன்னா, அந்த டிரைவருக்கு நீ அங்க இருக்கிறதே தெரியாது. பக்கத்துல போயிட்டா தயங்காம தாண்டிடு, கூடவே உருளாத. தாண்டினப்புறம் உள் கண்ணாடில லாரியோட ரெண்டு ஹெட்லைட்டும் முழுசாத் தெரிஞ்சாத்தான் அதுக்கு முன்னால வரணும். ஒண்ணுதான் தெரியுதுன்னா இன்னும் பக்கத்துலதான் இருக்கே.

லாரி இண்டிகேட்டரைப் பத்தி யாரோ கேட்டிருந்தாங்க. நம்ம பக்கம் இடது இண்டிகேட்டர் போட்டா 'போய்க்கோ', வலது போட்டா 'வராத'ன்னு டிரைவர்கள் பேச்சு. வடக்கே சில இடத்துல வலது போட்டாத்தான் 'போ'. வண்டி ராஜஸ்தான் நம்பரா நாமக்கல் நம்பரான்னு பார்த்து அர்த்தம் பண்ணப் போறியா? அவர் நிஜமாவே வலது பக்கம் திரும்பவும் போட்டிருக்கலாம். இண்டிகேட்டரை விடு, முன் சக்கரத்தைப் பாரு. டயர் பொய் சொல்லாது.

ஜனவரி 9

சில்லறைக் கேள்விகளுக்கு மொத்தமா.

கர்நாடகா லைசென்ஸ் தமிழ்நாட்டுல செல்லும், தனியா ஒண்ணும் வேணாம். டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆப்ல இருக்கிற லைசென்ஸ், ஆர்சி காட்டினாப் போதும், ஃபோன்ல சார்ஜ் இருக்கணும். ஃபாஸ்டேக் பேலன்ஸை வீட்டுலயே பார்த்துடு. டேக் வேலை செய்யலன்னா, 2025 நவம்பர் 15-லேர்ந்து யுபிஐ-ல கட்டினா ஒண்ணேகால் மடங்கு. ஆனா டோல்ல காசை விட லேன் மாறுறவங்கதான் தலைவலி. கடைசி நூறு மீட்டர்ல வலக்கோடிலேர்ந்து இடக்கோடிக்கு ஒருத்தன் குறுக்க வெட்டுவான். கிருஷ்ணகிரி டோல் பலகை கண்ணுல பட்டதுமே ஒரு லேனைத் தேர்ந்தெடுத்துட்டு அதுலயே இரு. கியூ நீளமா இருந்தாலும் சரி. டோல் தாண்டினதும் சென்னை ரோடும் சேலம் ரோடும் பிரியும், உனக்கு சென்னைப் பக்கம், பர்கூர் வழி.

வண்டி நின்னா கூப்பிட தேசிய நெடுஞ்சாலை ஹெல்ப்லைன் 1033. அடிபட்டா 112.

ஜனவரி 10

பாட்டி பெல்ட் போட மாட்டேங்கிறாங்களாம், புடவை கசங்குதாம்.

பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், போடலன்னா 1,000 ரூபாய். காசை விடு. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிராவுல பால்கர் பக்கத்துல சூர்யா ஆத்துப் பாலத்துல டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தாரே, பின் சீட்டுலதான் இருந்தார், பெல்ட் போடல. முன்னால இருந்த ரெண்டு பேரும் பிழைச்சாங்க. பாட்டிகிட்ட இதைச் சொன்னா 'அபசகுனமா பேசாத'ன்னுவாங்க. எங்க வீட்டுல நான் கையாள்ற வழி: சாவி போட மாட்டேன். ஏசி இல்லாம ரெண்டு நிமிஷம். தானா மாட்டிக்குவாங்க. பெல்ட்டோட கீழ்ப்பட்டை வயித்துல இல்லாம இடுப்பு எலும்புல படியணும், அதை மட்டும் நீயே சரி பண்ணி விடு.

ஜனவரி 11

வண்டி நின்னுட்டா: இடது ஓரம், ஹசார்டு லைட் (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுறது), எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால குறைஞ்சது 50 மீட்டர் தள்ளி வை. எல்லாரும் இறங்கி கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடணும். பாட்டி உள்ளயே இருக்கட்டும்னு விடக் கூடாது. முக்கோணம் வைக்க நடக்கும்போது வர்ற வண்டிங்களைப் பார்த்த மாதிரி நட.

முக்கோணம்னதும் ஞாபகம் வருது. லாரிக்காரங்க அதுக்குப் பதிலா கல்லும் மரக்கிளையும் வைப்பாங்க. வைக்கிறது தப்பில்ல, ரிப்பேர் முடிஞ்சதும் கல்லை விட்டுட்டுப் போறதுதான் அநியாயம். வண்டி போயிருக்கும், இடது லேன்ல மூணு பாறாங்கல் மட்டும் உக்காந்திருக்கும். அதனால ரோட்டு நடுவுல கிளையைப் பார்த்தா அது காத்துல விழுந்ததுன்னு நினைக்காத, முன்னால ஒரு லாரி நிக்குதுன்னு எடுத்துக்கோ.

ஓடிட்டு இருக்கும்போது ஹசார்டு போடாத. மழை வந்தா நிறையப் பேர் போடுறாங்க. நீ லேன் மாத்தப் போறியா, நிக்கிறியான்னு பின்னால வர்றவனுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 12

ஒண்ணு விட்டுப்போச்சு. ஏபிஎஸ், அதாவது பிரேக்கை அழுத்தி மிதிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற வசதி. 2019-லேர்ந்து புதுக் கார்ல எல்லாம் இருக்கு. அவசரத்துல முழு பலத்தோட மிதிச்சா பெடல் காலுக்கடியில கடகடன்னு அதிரும். ஏதோ உடைஞ்சுதுன்னு பயந்து புது ஆளுங்க காலை எடுத்துடுறாங்க. எடுக்காத. அது வேலை செய்யிற சத்தம்தான். காலியான ரோட்டுல, பின்னால யாரும் இல்லாதப்ப, 40-ல ஒரு தடவை வேணும்னே மிதிச்சுப் பழகிக்கோ.

நாய் குறுக்க வந்தா ஸ்டியரிங்கை வெடுக்குன்னு ஒடிக்காத. நேரா பிரேக். மனசுக்குக் கஷ்டம்தான்.

ஜனவரி 19

தம்பி போயிட்டு வந்துட்டான். '80-லயே போனேன், எல்லாரும் ஹார்ன் அடிச்சாங்க'ன்னு புலம்பல். அடிக்கட்டும். நீ வலது லேன்ல இல்லாத வரைக்கும் அந்த ஹார்னுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். வேணும்னா முந்திட்டுப் போகட்டும், அதுக்குத்தானே அரசாங்கம் மூணாவது லேன் போட்டிருக்கு.

மேலுமலை இறக்கத்துல பயமா இருந்துச்சுன்னு எழுதியிருக்கான். நல்ல பயம். அங்க லாரிங்க பின்னாலேர்ந்து வேகம் எடுத்து வரும், கண்ணாடியை அடிக்கடி பாரு.

ஆனா இன்னொண்ணு சொன்னான் பாருங்க. ஆம்பூர் வரைக்கும் போய் பிரியாணி சாப்பிட்டுட்டு, மதியம் ரெண்டரைக்கு ஸ்டியரிங் பிடிச்சானாம். திருப்பத்தூருக்கு ஆம்பூர் எந்த வழின்னு யாராவது மேப்புல காட்டுங்க. பிரியாணிக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சட்டப் பிரிவு இல்ல, இருக்கணும். 100-ல போறப்ப மூணு செகண்ட் கண் சொக்கினா 80 மீட்டருக்கு மேல வண்டி தானா போயிருக்கும். தூக்கம் வந்தா பாட்டு வைக்கிறது, ஜன்னலைத் திறக்கிறது எல்லாம் சும்மா. பங்குல நிறுத்தி இருபது நிமிஷம் கண்ணை மூடு.

ஜனவரி 20

மைசூர் எக்ஸ்பிரஸ்வே ஓசூர் ரோட்டை விட சுலபமான்னு கேக்கிறாங்க. 2023 ஆகஸ்ட் 1-லேர்ந்து அங்க மெயின் ரோட்டுல பைக், ஆட்டோ, டிராக்டர் கிடையாது. அதனால நான் மேல சொன்ன வேக வித்தியாசம் குறையுது. வரம்பு 100, கேமரா உண்டு. ஓட்ட சுலபம்தான். சுலபம்ங்கிறதாலயே சலிப்பு தட்டும், காலு தன்னால அழுந்தும், முள்ளு 120-ல நிக்கும், உனக்கு 80 மாதிரி இருக்கும். வெளிய இறங்கி ராமநகரா ஊருக்குள்ள வந்ததும் 50-ஐ நடைவேகம்னு உன் கண்ணு ஏமாத்தும். இறங்கின உடனே முள்ளைப் பாரு, கண்ணை நம்பாத.

ஜனவரி 25

அடுத்த வாரம் சேலம் போறானாம் தம்பி, தொப்பூர் கணவாய் பத்திக் கேட்டிருக்கான்.

தர்மபுரிலேர்ந்து சேலம் பக்கம் போறப்ப அது முழுக்க இறக்கம், வளைவு. அங்க நடக்கிற பெரிய விபத்துகள்ல திரும்பத் திரும்ப வர்ற கதை, பிரேக் பிடிக்காத பார வண்டி. டீசல் மிச்சம்னு சிலர் நியூட்ரல்ல விடுறாங்க. இன்ஜின் பிடிப்பு இல்லாம மொத்த பாரமும் பிரேக் மேல விழும், டிரம் சூடேறும், சூடேறினா பிடிமானம் போயிடும். அப்புறம் முன்னால இருக்கிற கார்தான் தடுப்பு. அதனால இறக்கத்துல லாரிக்கு நேர் முன்னால நிதானமா உருளாத. பின்னால பாரம் ஏத்தின வண்டி வருதுன்னா இடம் விட்டு அதை முன்னால போக விடு, இல்ல இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே அதை விட்டுத் தள்ளிப் போயிடு.

நீயும் நியூட்ரல் போடாத. இப்போதைய கார்ல கியர்ல வச்சு காலை எடுத்தா இறக்கத்துல இன்ஜினுக்குப் போற பெட்ரோல் நின்னுடும். நியூட்ரல்லதான் இன்ஜினை ஓட வைக்கப் பெட்ரோல் செலவாகும். மிச்சமும் இல்ல, பிடிப்பும் இல்ல. மூணாவது கியர், வேகம் கூடினா ரெண்டாவது. பிரேக்கை மேலயே வச்சுத் தேய்க்காம, அழுத்திக் குறைச்சுட்டு விடு.

உன் வண்டி ஏஎம்டி, அதாவது கியரைத் தானே மாத்திக்கிற வகைன்னு சொன்னே. 'டி'-ல விட்டா இறக்கத்துல அது மேல் கியருக்கு ஓடப் பார்க்கும். லீவரை 'எம்'-க்குத் தள்ளி, மைனஸ் பக்கம் தட்டி மூணுக்குக் கொண்டு வா. பாளையம் டோல் தாண்டினதுமே மாத்திக்கோ, வளைவுக்குள்ள போய் லீவரைத் தேடாத.